கட்டைவிரலின் குறை

செண்பகவல்லியின் வலது கையில் நாலு விரல்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஒரே வரிசையில் குடியிருந்தன. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கித் தனியாக நின்றது.

அதற்கு ரொம்ப நாளாக ஒரு குறை. ஒருநாள் கேட்டேவிட்டது. "ஆளைக் காட்டுவதால் ஆள்காட்டி விரல், மோதிரம் போடுவதால் மோதிரவிரல். எனக்கு மட்டும் ஏன் கட்டை?"

"குட்டையாகத் தடியாக இருந்தால் கட்டை என்றுதான் சொல்வார்கள். இதில் கேட்க என்ன இருக்கிறது?" என்றது ஆள்காட்டி விரல்.

சுண்டுவிரலுக்குப் பாவமாக இருந்தது. "உனக்குப் பெருவிரல் என்றும் ஒரு பேர் உண்டு அண்ணே. பெரியவன் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள்."

"அந்தப் பேரைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்?" என்றது கட்டைவிரல்.

அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்தது. நாலு பேரும் சோற்றை ஏந்திக்கொண்டு போக, அது வழக்கம்போல் பின்னால் நின்று வாய்க்குள் தள்ளிவிட்டது.

வருஷங்கள் போயின. ஒரு காலையில் செண்பகவல்லி எழுந்திருக்கவில்லை. மருமகள் அழுதுகொண்டே வந்து, அவளுடைய கைகளை நெஞ்சின்மேல் சேர்த்து வைத்தாள். கட்டைவிரல்கள் இரண்டையும் வெள்ளைத் துணியைக் கிழித்து ஒன்றாகக் கட்டினாள்.

இடது கட்டைவிரலை வலது கட்டைவிரல் கும்பிடும்போதெல்லாம் பார்த்திருக்கிறது. நின்று பேசியதில்லை.

"அங்கே உன்னையும் கட்டை என்றுதான் கூப்பிட்டார்களா?"

"ஆமாம்," என்றது இடது கட்டைவிரல். "நான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்."

வாசலில் சங்கு ஊதினார்கள்.

"சீக்கிரம் சொல்லு," என்றது வலது கட்டைவிரல். "உன் பக்கத்துக் கதையெல்லாம் சொல்லு."