தன் கையே தனக்குதவி

"மனிதனின் மாண்பு, அவன் தன் கையால் தானே உண்பதில் இருக்கிறது," என்று புத்தகத்திலிருந்து உரக்கப் படித்தாள் நர்ஸ்.

"அந்த மாண்பை நீயே சாப்பிடு. எனக்கு சூப்பை ஊட்டி விடு," என்றார் கட்டிலில் இருந்த அம்மாள்.

அவருக்கு வலது தோள் உடைந்து கட்டுப் போட்டிருந்தது. நேற்று இடது கையால் எடுத்த முதல் கரண்டியே நடுங்கி மடியில் கொட்டிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். கரண்டி பறந்து போய்ச் சுவரில் பட்டது. அதிலிருந்து பட்டினி.

"சாயங்காலத்துக்குள்ள சாப்பிடலைன்னா மூக்குல குழாய் விடச் சொல்லிட்டார் டாக்டர். பிடிவாதம் வேணாம் மேடம். இது சுயபராமரிப்புக் கொள்கை. தன் வேலையைத் தானே செஞ்சாதான் நோயாளி சீக்கிரம் தேறுவாராம்."

"தேவைக் கொள்கைன்னு இன்னொண்ணு இருக்கில்ல? நோயாளியால முடியாததை நர்ஸ் செஞ்சு குடுக்கணும்னு?"

"இருக்கு. 'சோம்பேறிகளை வளர்க்கும் கொள்கை'ன்னு இந்தப் புத்தகம் அதை ஒரே வரியில தள்ளிடுச்சே."

"எழுதினவளுக்குத் தோள் உடைஞ்சிருக்காது."

நர்ஸ் பக்கத்தைப் புரட்டினாள். "போன வருஷம் செய்முறைத் தேர்வுல, கை அசைக்க முடியாத ஒரு தாத்தாவுக்கு ரெண்டு வாய் ஊட்டிட்டேன். ஃபெயில். கொள்கை தெரியாதவள்னு வகுப்பு முன்னாடி திட்டு வேற."

"திட்டினவளுக்குப் பசிச்சிருக்காது."

"அப்ப கொள்கை தப்புங்கறீங்களா?"

"கொள்கை சரிதான். எனக்குத்தான் பொருந்தலை."

"எல்லாருக்கும் பொருந்தும்னு முன்னுரையில போட்டிருக்கே."

"முன்னுரையை யாருடி படிக்கச் சொன்னா? குழாயைச் சொருகினா சொருகட்டும். அந்தக் கரண்டியை நான் தொட மாட்டேன்."

சொன்ன வாய்க்கு மாறாக, வயிறு சத்தமாகக் கடமுடா என்றது. பக்கத்துக் கட்டில்காரி நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் வாசலைப் பார்த்தாள். "நான் ஊட்டறதை சூப்பர்வைசர் பார்த்தா, மறுபடியும் அதே திட்டுதான். அவங்களும் இதே புத்தகம் படிச்சுத்தான் வந்தவங்க."

"பயமா?"

"பயந்திருந்தா அன்னைக்கே பாஸாகியிருப்பேன். அன்னைக்கும் ஊட்டினேன், இன்னைக்கும் ஊட்டறேன். வர்றவங்க வரட்டும்."

புத்தகத்தை மூடி, சுடச்சுட இருந்த கிண்ணத்துக்கு அடியில் வைத்தாள். தடிமனான புத்தகம், கிண்ணம் ஆடாமல் நின்றது. ஒரு கரண்டி சூப்பை ஊதி நீட்டினாள்.

நூலாசிரியர் வாயைத் திறந்தார்.