தாடிக்காரனுக்கு மன்னிப்பு உண்டா?

"ஐயோ, கதவைத் திறக்கப் போறா! பார்த்தீங்களா?"

"அவசரப்படாதீங்க மேடம். அந்தக் கை தாழ்ப்பாளைத் தொடவே இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றார் மெக்கானிக், செல்போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்தபடி.

அவர் சொன்னதுதான் நடந்தது. டிவியில் இடி இடித்தது. கதாநாயகியின் முகத்தை இடமிருந்து, வலமிருந்து, நேரே என்று காட்டிவிட்டு, 'தொடரும்' போட்டுவிட்டார்கள்.

போனில் அவள் சிரித்தாள்.

மெக்கானிக்குக்குப் பஸ் டிப்போவில் வேலை. ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். அவள் ஊரின் மறுகோடியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அவளும் தனிதான். ஒருநாள் அவள் வீட்டில் கேபிள் போய்விட்டது. "அந்த சீரியல்ல இன்னிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்று அவருக்குப் போன் செய்தாள். கேபிள் மறுநாளே வந்துவிட்டது. போன் நிற்கவில்லை.

பேச்செல்லாம் சீரியலைப் பற்றித்தான். அவள் இருமினால் அவர் ஏன் என்று கேட்டதில்லை. அவர் அறையில் பாத்திரம் உருண்டால் அவள் என்ன சத்தம் என்று விசாரித்ததில்லை.

"சரி நடுவர் ஐயா, தீர்ப்பைச் சொல்லுங்க. அந்தத் தாடிக்காரப் புருஷனுக்குக் கதவைத் திறக்கலாமா, கூடாதா?"

"கூடாது."

"என்ன கல்மனசு! பாவம், மழையில நிக்கிறான்."

"அது லாரித் தண்ணி. தாடி வளர்த்துக்கிட்டு வந்து நின்னா திருந்திட்டான்னு அர்த்தமா? வீட்டை லாட்ஜ் மாதிரி வெச்சிருந்தவன் மேடம் அவன். வந்தான், தின்னான், தூங்கினான், எழுந்து போனான். கூட ஒருத்தி இருக்காளா செத்தாளான்னு திரும்பிப் பார்த்தானா?"

"அவன் குடிக்கலை. கை நீட்டி அடிக்கலை."

"பேசலையே!"



"அவ மேலயும் தப்பு இருக்கு" என்றாள் அவள். "ஏன்டா இப்படி இருக்கேன்னு சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம். ரோஷம் வந்து பெட்டியைத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"அவ மேல ஒரு தப்பும் கிடையாது!" மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. "யாரைக் கேப்பா? சுவரைக் கேப்பாளா?"

"சீரியலுக்குப் போய் இவ்வளவு கோபமா?"

"கோபம் இல்ல. நியாயத்தைச் சொன்னேன்."

"சரி, இன்னொரு விஷயம். கடைக்கு வந்த ஒரு அம்மா சொன்னாங்க. இந்த வெள்ளிக்கிழமையோட சீரியல் முடியுதாம்."

மெக்கானிக் ரிமோட்டைத் தேடி எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"முடியுதா? இன்னும் அந்த மாமியார் ஜெயில்லேர்ந்தே வரலையே?"

"வெள்ளிக்கிழமை எல்லாரும் மொத்தமா வந்து நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க. அதோட சரி. அந்த நேரத்துக்குப் பாம்பு சீரியல் போடறாங்களாம்."

"பாம்பா?"

"பொண்ணா மாறுற பாம்பு. எனக்குப் பாம்புன்னாலே உடம்பு நடுங்கும். நீங்க பாருங்க."

"தனியா என்னத்தைப் பார்க்கறது..."

 போனை யாரும் வைக்கவில்லை. அவள் வீட்டு டிவியும் இவர் அறை டிவியும் ஒரே சோப்பு விளம்பரத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

"சரி, வெச்சிடட்டுமா?" என்றாள் அவள்.

"இரு."

'மேடம்' போய்விட்டிருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதருகே கொண்டுபோனார்.

"நீ... சாப்பிட்டியா?"

அவளிடம், விவாகரத்து வாங்கிக்கொண்டு போன தன் மனைவியான அவளிடம், சேர்ந்து வாழ்ந்த அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கேட்டிராத கேள்வி அது.