மூடி திறக்காத சோடா

“திறக்க வேண்டாம் தம்பி” என்றார் சின்னவி.

சோடாப் போத்திலின் மூடியைத் திறக்கப்போன பியோன் கனிசியஸ் அப்படியே நின்றான்.

பக்கத்துக் கதிரையில் இருந்த சின்னவியின் மகள் பத்மாசினி தலையைக் குனிந்துகொண்டாள். சற்று முன்புதான் அவளுடைய நேர்முகப் பரீட்சை முடிந்திருந்தது. உயர்கல்வி ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சி உதவியாளர் வேலை. பட்டம் எடுத்தும் வேலையில்லாமல் இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது.

“ஏன் ஐயா?” பணிப்பாளர் நமசிவாயம் கேட்டார். “இந்த வெயிலுக்கை தெல்லிப்பழையிலையிருந்து பஸ்ஸிலை வந்திருக்கிறியள். உங்கள் ரண்டு பேருக்கெண்டுதான் குளிர்சோடா எடுப்பிச்சனான்.”

“பெரிய உபகாரம். எங்களுக்கும் உந்தத் தேத்தண்ணியிலை கொஞ்சம் ஊத்துங்கோ, குடிக்கிறம்.”

நமசிவாயத்துக்கு முன்னாலும் அவரோடு நேர்முகப் பரீட்சை நடத்திய விரிவுரையாளர் குணலட்சுமிக்கு முன்னாலும் தேநீர்க் கோப்பைகள் இருந்தன. நடுவில் கேத்தில்.

நமசிவாயம் சிரித்தார். “இந்த வெயிலுக்குத் தேத்தண்ணியோ?”

“உங்களுக்கும் உதே வெயில்தானே ஐயா.”

குணலட்சுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. என்ன மனிதர் இவர்? வெளியே வேப்பமரத்துக்குக் கீழே நின்றவரை, “ஏன் அங்கை நிக்கிறியள்? உள்ளை வந்து இருங்கோ” என்று கூப்பிட்டுக் கதிரை கொடுத்தவர் பணிப்பாளர். “பனையேறிற தகப்பனுக்குப் பிறந்து பட்டம் எடுத்திருக்கிறாய் பிள்ளை. உன்னைப் போலை ஆக்கள்தான் நாளைக்குப் பல்கலைக்கழகத்தை நடத்த வேணும்” என்று மகளைத் தட்டிக்கொடுத்தவரும் அவர்தான். அவருக்கா இந்தப் பதில்?

“தேத்தண்ணி முடிஞ்சுது” என்றார் நமசிவாயம், குரலை உயர்த்தாமலே. “சோடாவைக் குடியுங்கோவன்.”

“அப்ப காரியமில்லை. எங்களுக்குத் தாகம் இல்லை.”

பத்மாசினி காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். அதைக் குணலட்சுமி கண்டாள். பாவம், பிள்ளைக்காவது குடிக்க விட்டிருக்கலாம்.

அவர்கள் எழுந்து வெளிக்கிட, மனம் கேட்காமல் வாசல் படலைவரை கூடப் போனாள்.

“ஐயா, குறை நினையாதையுங்கோ. ஒரு வாய் குடிச்சிருந்தால் என்ன? பிள்ளையின்ரை வேலை பணிப்பாளரின்ரை கையிலை எல்லோ இருக்கு.”

“தெரியும் பிள்ளை.”

“தெரிஞ்சுகொண்டுமோ?”

சின்னவி அவளை ஒருதரம் பார்த்தார். “நீங்கள் இந்தப் பக்கத்து ஆள் இல்லைப் போலை.”

“பிறந்து வளந்தது வெள்ளவத்தை. இங்கை வந்து கொஞ்ச நாள்தான்.”

“அதுதானே பாத்தன். அப்ப உங்களிலை பிழையில்லை.”

இதென்ன பேச்சு என்று அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

“வாறம் மிஸ்” என்றாள் பத்மாசினி. “நான் நல்லாச் செய்தனான்தானே?”

“ஓம், நல்லாச் செய்தனீர்” என்று மட்டும் சொன்னாள் குணலட்சுமி.

அவள் திரும்பி வந்தபோது நமசிவாயம் வெறும் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார். கனிசியஸ் கேத்திலைச் சரித்து அதை நிரப்பினான்.

“பாத்தியளே மிஸ்? பின்தங்கின குடும்பத்துப் பிள்ளையள் ஏன் பல்கலைக்கழகத்திலை மேலிடங்களுக்கு வரேல்லை எண்டு நாங்கள் இரவு பகலா ஆராயிறம். கை குடுத்துத் தூக்கவும் பாக்கிறம். உவையள் கையைத் தட்டிவிடுகினம். அறிக்கையிலை இதையும் ஒரு காரணமாச் சேர்க்க வேணும்.”

“எனக்கும் மனவருத்தமாப் போச்சு சேர்.”

“பிள்ளை கெட்டிக்காரி. நான் இல்லையெண்டு சொல்லேல்லை. வந்ததுகளுக்குள்ளை அவள்தான் திறம். ஆனால் தகப்பனின்ரை திமிர் நாளைக்கு மகளிலையும் வெளிக்கிடும். இப்பிடி ஒரு நிலையத்துக்குப் படிப்பு மட்டும் காணாது, பண்பும் வேணும். நீங்கள் என்ன சொல்லுறியள்? நீங்களும் சம்மதிச்சால்தான் முடிவு.”

குணலட்சுமி யோசித்தாள். எடுப்போம் என்று சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை. படலையடியில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியும் காதுக்குள் நின்றது.

ஆனால் அன்போடு கொடுத்ததைத் தட்டிவிட்ட அந்த மனிதரின் முகம் முன்னால் வந்தது. பெரியவர்களை மதிக்கத் தெரியாத வீட்டிலிருந்து வருகிறவளோடு எப்படி வேலை செய்வது?

“வேறை ஆளைப் பாப்பம் சேர்” என்றாள்.

“நல்லது. உங்கடை வாயாலையே வந்திட்டுது.”

கனிசியஸ் இரண்டு போத்தில்களையும் தூக்கிக்கொண்டு நின்றான். “சேர், இதுகளை என்ன செய்ய?”

“மூடி திறக்கேல்லைத்தானே, கடையிலை திருப்பிக் குடு.” நமசிவாயம் தேநீரை ஒரு மிடறு குடித்தார். “இனியும் உவையள் ஆரும் வந்தால் சோடாதான், மறந்துபோகாதை. போன முறை நீ ஒராளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்து, பிறகு ஒரு நல்ல கோப்பையை உடைச்செல்லோ எறிஞ்சனாங்கள்!”