உருகிய உறைபெட்டி

ஜன்னல் வெயில் ஆய்வகத் தரையில் தேங்கிய தண்ணீரில் பளபளக்கிறது. விரிவுரையாளர்களின் வேலைநிறுத்தத்தை முறிக்க அரசு நேற்று கல்லூரிக் கட்டடத்துக்கே மின்சாரத்தை வெட்டிவிட்டது. காய்ச்சல் மருந்துக்காகப் பல வருடம் சேர்த்து, போராட்டப் பந்தலிலிருந்து தினமும் நழுவி வந்து விரிவுரையாளரான அவள் காத்த ரத்த மாதிரிகள் உறைபெட்டிக்குள் உருகிக் கெட்டுக் கிடக்கின்றன. அமைச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் பால் திரிந்திருந்தால் இந்நேரம் ஒருவனுக்கு வேலை போயிருக்கும். “நாளைக்குப் பேச்சுவார்த்தைம்மா, கொஞ்சம் பொறு,” என்கிறார் வாசலில் வந்து நிற்கும் விரிவுரையாளர் சங்கத் தலைவர். “பேசி முடிச்சு இதுக்கு உயிர் குடுத்துடுவீங்களா சார்?” போன வருடமே வெளிநாடு போய்விட்ட சீனியரை ஃபோனில் அழைக்கிறாள். “அக்கா, நான் வேண்டாம்னு சொன்னேனே, அந்த வேலை இன்னும் இருக்கா? சரி, வரேன்.” உறைபெட்டி உறுமுகிறது. “கரண்ட் வந்துடுச்சும்மா!” என்று தலைவர் கைதட்டுகிறார். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்குகிறாள்.