காதுவலிக்கு எடுத்த ரத்தம்

ஹராதன்பாபுவின் காதுவலி மூன்று வாரமாக சியாம்பஜார் முழுக்கத் தெரிந்த செய்தி. அவர் கொட்டாவி விட்டு அலறினால் பக்கத்து வீட்டு நாயும் முனகியது.

டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பிரித்தார்.

"சர்க்கரை முந்நூத்தி எண்பது. சர்க்கரை இல்லாதவங்களுக்கு இந்தக் காதுப்புண் பெரும்பாலும் சொட்டு மருந்துல போயிடும். உங்களுக்கு எலும்புக்குள்ள இறங்கிடும், ஹராதன்பாபு. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேருங்க."

"பொழச்சுக்குவேனா, டாக்டர்பாபு?"

"சந்தேஷ் ஸ்வீட்டைத் தின்னும்போது கேட்டிருக்கணும்."

மனைவி மலினா காளிக்கு நேர்ந்துகொண்டே சீட்டை வாங்கினாள். பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"பயத்துல மறந்தே போச்சு. இது இவர் ரத்தமே இல்ல. ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த ஆள் ஊசியை எடுத்ததும் இவர் குளியலறையில போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். அறுபத்திரண்டு வயசு. வெளியே வரவே இல்ல. நான்தான் கையை நீட்டினேன். சீட்டுல மட்டும் இவர் பேரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எந்திரிங்க," என்று கணவரை உலுக்கினாள் மலினா. "உங்களுக்குச் சர்க்கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

ஹராதன்பாபு எழவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்பாபு," என்றார். "முந்நூத்தி எண்பது இருந்தா... இவளுக்கு என்ன ஆகும்?"