நிர்வாகத்தின் நாற்காலி

தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியானதில், எஸ்டேட் பள்ளிக்கூடத்தின் எட்டாம் வகுப்பில் மிஞ்சியவள் அபிதா ஒருத்திதான். அவளுக்கும் அன்று கடைசி நாள். வெளியே அவள் அப்பா சாமான் ஏற்றிய ஜீப்பில் காத்திருந்தார். பாடத்தை முடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்று சகாயமேரி டீச்சர் பிடிவாதமாக மூன்று நாற்காலிகளைப் போட்டார். அரசின் மூன்று அங்கங்கள்: சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம்.

முதல் நாற்காலியில் உட்கார்ந்து அபிதா சட்டம் போட்டாள்: “யாரும் இந்த ஊரை விட்டுப் போகக் கூடாது.” எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு இரண்டாவதில் உட்கார்ந்தாள். “மூணாவதுல நீங்க உக்காருங்க டீச்சர். எல்லாத்தையும் ஒரே ஆள் செய்யக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

டீச்சர் உட்கார்ந்தார். அந்தச் சட்டத்தைத் தானேகூட எழுதியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஜீப் ஹாரன் அடித்தது.

“யாரையும் அடைச்சு வைக்க முடியாதும்மா. இந்தச் சட்டம் செல்லாது.”

“சரிங்க டீச்சர்.” அவள் எழுந்திருக்கவில்லை.

“கதவைத் திற.”

நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.

மறுபடியும் ஹாரன். டீச்சரின் கைக்கெட்டும் தூரத்தில்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஆனால் அது நீதிமன்றத்தின் வேலை இல்லை.