ஓட்டை வாய்

"ஏன்டா, உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் கிடையாதா?"

டாக்டர் அருணாசலம் போட்ட சத்தத்தில், மலைமேல் செம்மேட்டில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியே அதிர்ந்தது.

கம்பவுண்டர் செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாசலில், அந்த மலையின் ‘நாடு’களில் ஒன்றான திருப்புலி நாட்டைச் சேர்ந்த செங்கோடன் மூச்சு வாங்க நின்றிருந்தார். கையிலிருந்த அரிவாளைக் கீழே வைக்கவே இல்லை.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. மகள் கண்ணாயிக்குத் தொடையில் உணர்ச்சி இல்லாத ஒரு தேமல். குஷ்டத்தின் ஆரம்பம். "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டா சுவடே இல்லாமப் போயிடும். வெளியே மட்டும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லித்தான் டாக்டர் வைத்தியத்தை ஆரம்பித்திருந்தார். பாதி ஊசி போட்டாயிற்று. தேமலும் மங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் வாழவந்தி நாட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து, நிச்சயம் செய்த வெற்றிலைபாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"சேந்தமங்கலம் சந்தையில பேசிக்கிறாங்களாமுங்க, சாமி! என்ற புள்ள பேரச் சொல்லி, என் பேரச் சொல்லிப் பேசறாங்களாம்!" செங்கோடன் அரிவாளைச் செல்லமுத்து பக்கம் நீட்டினார். "என்ற பங்காளிகளுக்கே தெரியாதுங்க. எங்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், இவனுக்குத் தெரியும். வாரா வாரம் மருந்து வாங்க மலையெறங்கிச் சந்தைப்பக்கம் போறவன் இவந்தானுங்க!"

"சொல்லுடா! நீதானே?" என்று உறுமினார் டாக்டர்.

செல்லமுத்து அவரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு போய்ச் செங்கோடன் காலில் விழுந்தான்.

"நாந்தாங்க. வாய் தவறிப் போச்சுங்க."

செங்கோடன் அரிவாளை ஓங்கியே விட்டார். டாக்டர்தான் குறுக்கே பாய்ந்து கையைப் பிடித்தார்.

"இந்தப் பயல் ரத்தம் உங்க கையிலே எதுக்கு? இன்னியோட இவனுக்கு இங்கே வேலை கிடையாது. வெளியே உக்காருங்க. சாயங்காலம் மூட்டை கட்டிக்கிட்டு இவன் போறதை உங்க கண்ணாலேயே பாருங்க."

விரட்டுகிறவர் அப்போதே விரட்ட வேண்டியதுதானே? சாயங்காலம் வரை எதற்கு என்றால், அன்றைக்கு வயர்லெஸ் கூட்டம்.

வெள்ளைக்காரன் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி டாக்டர் வைத்திருந்த பெட்டி அது. சேலம், திருச்சி, சேந்தமங்கலம் என்று அவரைப் போலவே வயர்லெஸ் பைத்தியம் பிடித்த டாக்டர்கள், வாரா வாரம் ஒரே நேரத்தில் பெட்டி முன்னால் உட்கார்ந்து மலேரியா, பேதி, பிரசவம் என்று பேசுவார்கள். மலையில் மின்சாரம் ஏது? பக்கத்தில் உட்கார்ந்து டைனமோவின் கைப்பிடியைச் செல்லமுத்துதான் சுற்றியாக வேண்டும். வேலையை விட்டு நீக்கியவனையே, பேச்சு முடியும் வரை சுற்றிக் கொடுத்துவிட்டுப் போ என்று உட்கார வைத்தார் அந்தப் புண்ணியவான்!

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மைக்கைப் பிடித்துப் பொரிந்து தள்ளினார்.

"இன்னிக்கு மலேரியா வேண்டாம். நோயாளியோட ரகசியத்தைக் காப்பாத்தறதைப் பத்திப் பேசுவோம். எங்கிட்டே ஒரு கம்பவுண்டர் இருக்கான், ஓட்டை வாயன். ஒரு பெண்ணோட வாழ்க்கையையே சந்தையிலே கொண்டு போய்க் கொட்டிட்டான். இவனையெல்லாம் என்ன செய்யறது? ஓவர்!"

செல்லமுத்து சுற்றிக்கொண்டே இருந்தான்.

சேந்தமங்கலம் டாக்டர் அப்பாசாமியின் குரல் கரகரப்போடு வந்தது.

"அருணாசலம், நீங்க ஆரம்பிச்சதுமே நான் ஜன்னலைச் சாத்திட்டேன். ஜனங்களும் கேட்டுப் பயனடையட்டும்னு தெரு ஜன்னல்லே பெட்டியை வச்சிருக்கேனே, உங்களுக்குத் தெரியாதா? 'பலே, நல்ல சேவை'ன்னு மெச்சினதே நீங்கதானே? போன கூட்டத்திலே, குஷ்டத்தை ஆரம்பத்திலேயே பிடிச்சுட்டேன்னு பெருமையாச் சொன்னீங்களே, அப்போ பொண்ணு பேரு, அப்பன் பேரு, எந்த நாடு, எல்லாத்தையும் சேர்த்தே சொன்னீங்க. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தறதுக்குள்ளே சொல்லி முடிச்சுட்டீங்க. சந்தைக்கு வந்த கூட்டம் அத்தனையும் வெளியே நின்னு கேட்டுச்சு. உங்க கம்பவுண்டரைத் திட்டாதீங்க. ஓவர்."

டாக்டர் சட்டென்று பெட்டியை அணைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்னிக்கு நீ பக்கத்திலேதானே சுத்திக்கிட்டு இருந்தே? நான் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"அப்புறம் எதுக்குடா நீதான்னு ஒத்துக்கிட்டே?"

செல்லமுத்து கைப்பிடியை விட்டு எழுந்தான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த கோபம் அப்போதுதான் வெளியே வந்தது.

"உங்களுக்காவ இல்லீங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் பாதி ஊசி பாக்கி இருக்குது. சொன்னது நீங்கதான்னு தெரிஞ்சா, அவுங்கப்பன் இந்த வாசப்படிய மறுபடி மிதிப்பாருங்களா? கண்ணாலந்தான் போச்சு, ஒடம்பும் போவோணுமுங்களா?"

மூட்டையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனான்.

வாசலில் காத்திருந்த செங்கோடன் அவன் முகத்தில் காறித் துப்பினார். செல்லமுத்து துண்டால் துடைத்துக்கொண்டு, மலையிறங்கும் பாதையில் நடந்தான்.

பின்னாலேயே வந்து நின்ற டாக்டரைப் பார்த்துச் செங்கோடன் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க ஞாயமான மனுசருங்க, சாமி. இனி உங்கள நம்பி எதை வேணுன்னாலும் சொல்லலாமுங்க."

டாக்டர் வாயைத் திறக்கவில்லை. ஒரு ரகசியத்தைக் காப்பாற்ற அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.